அலுமாரியில் இருந்த இருபது தாள்கள்

சித்தப்பா பாரிஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுப்பார். அம்மாவின் பிரஷர், நாங்கள் இருக்கும் கொழும்பு வெள்ளவத்தையில் மரக்கறி விலை, ஊரில் யார் யார் போய்ச் சேர்ந்தது என்று எல்லாம் பேசி முடித்த பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்லுவார். "என்ன பிள்ளை, அந்தத் தாளில ஏதும் கீறினியே?" ஏழு வருஷமாக இதே கேள்வி. ஏழு வருஷமாக என் பதிலும் ஒன்றுதான். "இல்லை சித்தப்பா, நேரம் கிடைக்கேல்லை." ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "சரி சரி, ஆறுதலாக் கீறு" என்பார். ஃபோனை வைத்த பிறகு அரை மணி நேரத்துக்காவது எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

அந்தத் தாள் 2016 ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது அவர் கையோடு கொண்டு வந்தது. பாரிஸில் ஒரு உணவகத்தின் குசினியில் இருபத்தைந்து வருஷமாக நின்ற நிலையில் வேலை செய்பவர் அவர். ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. வேலைத்தளத்துப் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் நான் கீறிப் போட்ட படங்களை அம்மா ஃபோனில் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, ஓவியப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றுக்குள் போய், இருப்பதிலேயே நல்ல தாள் எது என்று கேட்டு வாங்கியிருக்கிறார். முழுக்கப் பருத்தியில் செய்த நீர்வர்ணத் தாள். சதுர மீற்றருக்கு 300 கிராம் கனம். ஒவ்வொன்றும் 56க்கு 76 சென்ரிமீற்றர். மொத்தம் 20. பெட்டிக்குள் வைத்தால் மடங்கிவிடும் என்று பயந்து, ஒரு மட்டைக் குழாயில் சுருட்டி, கட்டுநாயக்க விமான நிலையம் வரை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

முதல் நாள் அதைத் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது. மெல்லிய மேடு பள்ளமாக, தறித் துணி போல விரலில் பட்டது. நல்ல நீர்வர்ணத் தாள் என்றால் பஞ்சு மட்டும் போதாது. அதில் ஜெலட்டின் பூச்சு ஒன்று இருக்கும், ஓவியர்கள் சைசிங் என்பார்கள். தண்ணீரையும் வர்ணத்தையும் தாள் உடனே குடித்துவிடாமல் மேலே தாங்கி வைத்திருப்பது அந்தப் பூச்சுத்தான். அது இருந்தால் வர்ணம் காயும் வரைக்கும் நமக்கு அவகாசம் இருக்கிறது. ஒரு இடத்தில் நீலம் கூடிவிட்டதென்றால் ஈரத் தூரிகையால் தொட்டு எடுத்துவிடலாம். நான் பள்ளிக்கூட நாளிலிருந்து பாவித்த சித்திரக் கொப்பித் தாளில் இது ஒன்றும் நடக்காது, பட்ட இடத்திலேயே உறிஞ்சிவிடும். பூச்சைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அப்படிப்பட்ட தாளை ஒரு கிழமை கனமான புத்தகங்களுக்குக் கீழே வைத்து நிமிர்த்தினேன். பிறகு பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி, ஓரங்களை ரேப்பால் ஒட்டி, அலுமாரியின் மேல் தட்டில் வைத்தேன். "முதலில கை பழகட்டும் அம்மா. நல்ல படம் எண்டு மனசில ஒண்டு வந்த பிறகுதான் இதில கை வைப்பன்" என்று சொன்னேன். அம்மாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருக்குத்தான் சரியாகப் படாது?

அப்புறம் நடந்ததெல்லாம் ஆயத்தம். தூரிகைகள் வாங்கினேன். வர்ணக் குழாய்கள் வாங்கினேன். அதிகாலை எழும்பச் சொல்லும் காணொளிகளைப் பார்த்து இரண்டு மாதம் ஐந்து மணிக்கு எழும்பினேன். இருபத்தைந்து நிமிஷம் மணி வைத்து வேலை செய்யும் முறையையும் பார்த்தேன். மணி அடிக்கும் வரை வர்ணத்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். விடுமுறை கிடைத்தால் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸுக்குப் போவேன், அங்கே ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சப்புமல் பவுண்டேஷன் என்ற ஓவியக் கூடமாக இருக்கிறது. 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழுவின் ஓவியர்களை, ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் என்று, அங்கே சுவர் சுவராகப் பார்க்கலாம். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கை இன்னும் கனக்கும். கலா பொல என்ற தெரு ஓவியச் சந்தை நடக்கும் நாளில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, வேலியில் சாத்தியிருக்கும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். 1993இலிருந்து நடக்கும் சந்தை அது. பெரிய பேர் எடுத்தவரும் முதல் முறை வந்தவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். அடுத்த முறை நானும் என்று நினைத்தபடி பஸ் ஏறுவேன்.

சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், இப்போதும் வரும். கோட்டையில் காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை கணக்கு வேலை. வந்து சமையல். அம்மாவின் கிளினிக் நாட்கள். எதையும் நான் ஒரு நாள் பிந்திச் செய்ததில்லை. வருஷ முடிவுக் கணக்கை இரவிரவாக இருந்து முடித்துவிட்டு, ஒரு தாளை மட்டும் ஏழு வருஷம் தொடாமல் இருந்தேன்.

ஒரு கேள்வி

இருபத்து நான்கு வயதில் ஒரு கண்காட்சிக்கு மூன்று படங்கள் கொடுத்தேன். தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் மூன்றையும் நிறைய நேரம் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, குரலில் எள்ளலும் இல்லை. "கை நல்லாப் பழகியிருக்கு. ஆனா இதில நீங்கள் எங்க இருக்கிறீங்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. படங்கள் தெரிவாகவில்லை. அது எனக்குப் பெரிய துக்கமாக இல்லை, அதைவிடத் திறமான படங்கள் அங்கே இருந்தன என்பதை நானே பார்த்தேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

படம் கீறும்போது அப்படியொரு கேள்வி வந்தால் பரவாயில்லை. கீறி முடிந்த பிறகு வந்தால் இன்னும் நல்லது. எனக்கு அது தாளை மேசையில் விரிக்கும்போதே வந்தது. தண்ணீர்ப் போத்தல் இன்னும் நிரம்பவில்லை, தூரிகை காய்ந்தபடி கிடக்கிறது, அதற்குள் 'இதில நீ எங்க இருக்கிறாய்?' படமே இல்லாத இடத்தில் நான் எங்கே இருப்பது? ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடி உட்கார்ந்திருப்பேன். பத்து நிமிஷத்தில் அம்மாவுக்குத் தேத்தண்ணி வைக்கும் ஞாபகம் வரும். எழுந்துவிடுவேன். எழும்பும் அந்தக் கணத்தில் உடம்பு முழுக்க ஒரு ஆறுதல் பரவும். எனக்கு வெட்கமாக இருப்பது அந்த ஆறுதலை நினைத்துத்தான்.

பிறகு ஒருநாள் இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எழுதியதை வாசித்தேன். ஃபூஷியா சிரோய், திமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரை ஒன்று. காரியங்களைத் தள்ளிப்போடுவதை அவர்கள் நேரத்தைச் சரியாகப் பங்கிடத் தெரியாத குறையாகப் பார்க்கவில்லை. ஒரு வேலை நமக்குள் பயத்தையோ சலிப்பையோ கிளப்புகிறது, அந்த உணர்ச்சியிலிருந்து இப்போதைக்குத் தப்புவதற்காக வேலையை விட்டு எழுந்துவிடுகிறோம், அதற்கான விலையை நாளைய நம் தலையில் கட்டிவிடுகிறோம் என்கிறார்கள். வாசித்ததும் தேத்தண்ணி வைக்க எழுந்த அந்த ஆறுதல்தான் நினைவுக்கு வந்தது. மணி வைத்தும் அதிகாலை எழும்பியும் எனக்கு ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் விளங்கியது. எனக்கு நேரம் இருந்தது. தாளுக்கு முன்னால் இருக்கப் பயமாக இருந்தது.

விளங்கியது என்றுதான் சொல்கிறேன். விளங்கிய பிறகும் பொலித்தீன் பிரிக்கப்படாமல்தான் இருந்தது.

அம்மாவின் கண்ணாடிக் குவளைகள்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஆறு குவளைகள் இருக்கின்றன. விளிம்பில் பொன்நிறக் கோடு போட்டவை. அவற்றில் யாரும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. விருந்தாளி வந்தால் அடுத்த தரத்துக் குவளைகள்தான் வெளியே வரும். 'நல்ல நாள் பெருநாளுக்கு' என்று அம்மா சொல்லுவார். எந்தப் பெருநாளும் அந்தக் குவளைகளுக்குப் போதுமான பெருநாளாக இதுவரை வரவில்லை.

நான் அம்மாவைக் குறை சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போருக்குப் பயந்து ஊரோடு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டபோது எங்களால் கையில் தூக்கக்கூடியது மட்டும்தான் எங்களோடு வந்தது. அந்த இரவைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் சித்திரக் கொப்பிகள் மூன்றும் மேசை லாச்சிக்குள் இருந்தன. அம்மா காணி உறுதிகளையும் நகைகளையும் பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு, "அதுகள் இருக்கட்டும் பிள்ளை, வந்து எடுக்கலாம்" என்றார். திரும்பிப் போனபோது லாச்சியும் இல்லை, மேசையும் இல்லை. ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் பிறகு கையில் கிடைப்பதை எப்படிப் பிடித்துக்கொள்வார்கள் என்பது எங்கள் வீடுகளில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். பிரிக்காத துவாய்கள், கவர் கழற்றாத கதிரைகள், வருஷத்துக்கு ஒருமுறை வெயில் காட்டி மடித்து வைக்கும் கூறைச் சேலை. நல்லது ஒன்று கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்துவது எங்களுக்கு அன்பின் வேலை. சித்தப்பாவின் தாளை மூன்று சுற்றுச் சுற்றியபோது நானும் அன்பாகத்தான் செய்தேன்.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்ததும் அந்த அன்பு இன்னும் இறுகியது. மார்ச் மாதம் தாள் இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். டொலர் 200 ரூபா சொச்சத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. வெளிநாட்டு ஓவியத் தாள் கடைகளில் கண்ணிலும் படவில்லை, பட்டாலும் விலையைக் கேட்டுவிட்டுத் திருப்பி வைக்க வேண்டியதுதான். பிள்ளைகளுக்குக் கொப்பி இல்லாத ஊரில் என் அலுமாரியில் இருபது பருத்தித் தாள்கள். இனி அவற்றில் ஏனோதானோவென்று எதையும் கீற முடியுமா? கீறினால் அது அந்தத் தாளுக்குத் தகுதியான படமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தாளின் விலை ஏற ஏற நான் கீற வேண்டிய படமும் உயர்ந்துகொண்டே போனது. என் கை மட்டும் 2016இல் இருந்த இடத்திலேயே நின்றது.

அந்தப் பின்னேரம்

2023 ஆகஸ்டில் சித்தப்பா மறுபடி வந்தார். நல்லூருக்குப் போகும் வழியில் இரண்டு நாள் எங்களோடு. எங்கள் அடுக்குமாடி வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம். யன்னலைத் திறந்தால் மரைன் டிரைவ், அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். அன்று காலையிலிருந்து தூறலும் காற்றுமாக இருந்தது. பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, "எங்க பிள்ளை, அந்தத் தாளை ஒருக்கா எடு பாப்பம். வாங்கினதுக்கு நானே அதை வடிவாப் பாக்கேல்லை" என்றார். என்னைப் பிடிக்க அவர் அப்படிக் கேட்கவில்லை. உண்மையாகவே பார்க்க ஆசைப்பட்டார்.

கதிரை வைத்து ஏறி எடுத்தேன். ரேப் காய்ந்து மஞ்சளாகியிருந்தது, கத்தரிக்கோலால் வெட்ட வேண்டி வந்தது. இரண்டாவது சுற்றுப் பொலித்தீனைப் பிரிக்கும்போதே மணம் வந்துவிட்டது, மழைக்காலத்தில் காயாத துணியின் மணம். முதல் தாளின் ஒரு மூலையில் கடுகளவில் மண்ணிறப் புள்ளிகள். இரண்டாவது தாளில் நடுவிலும். மூன்றாவதில் விரல் அகலத்துக்குப் பூஞ்சணம். இருபதையும் மேசையிலும் கட்டிலிலும் நிலத்திலும் விரித்தோம். ஒன்று கூடத் தப்பவில்லை.

புள்ளி விழுந்தது ஒருபுறம் இருக்க, எனக்கு வேறொரு பயம் வந்தது. ஒரு தாளின் ஓரத்தில் நீலத்தைக் கரைத்து அகலமாக ஒரு பூச்சுப் பூசினேன். இரண்டு மூன்று வினாடிதான். சமனாகப் படிய வேண்டிய நீலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும் பொட்டுகள் எழும்பின. ஜெலட்டின் பூச்சு செத்துப்போன இடங்கள் அவை. தாள் அந்த இடங்களில் வர்ணத்தை மையொற்றுத் தாள் போல உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஜெலட்டின் என்பது பூஞ்சணத்துக்கு நல்ல சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று தாள்களைப் பாதுகாப்பவர்கள் சொல்லுவார்கள், கொழும்பில் கடற்கரையோரம் அப்படி ஒரு நாளைக் காண்பது அரிது. போதாததற்கு நான் பொலித்தீனால் காற்றுப் போகாமல் கட்டி, உள்ளே இருந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறேன். வெறுமனே மேசையில் போட்டிருந்தால்கூட இவ்வளவு பழுதாகியிருக்காது.

யாரும் பேசவில்லை. அளுத்கமைப் பக்கம் போகும் ரயில் ஒன்று யன்னல் கண்ணாடிகளை அதிரவைத்துக்கொண்டு போனது. அம்மா கதவடியில் நின்று பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். நான் அழுதேன். நாற்பது வயதில், விருந்துக்கு வந்த மனிதருக்கு முன்னால், நிலத்தில் இருந்தபடி. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சித்தப்பா, உங்கட காசு" என்று ஏதோ சொன்னேன். அவர் எத்தனை நாள் சம்பளத்தை அதற்குக் கொடுத்தார் என்று ஏழு வருஷமும் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சித்தப்பா ஒரு தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இதை இனி விக்கேலுமோ?"

"ஏலாது."

"ஆருக்கும் குடுக்கேலுமோ?"

"ஆர் வாங்குவினம் சித்தப்பா?"

"அப்ப கீறன் பிள்ளை. இனி என்ன பயம்?"

அவ்வளவுதான் சொன்னார். ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அம்மாவோடு கதைக்கப் போய்விட்டார். நான் பயப்பட்டுத்தான் கீறாமல் இருக்கிறேன் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நேரம் இல்லை என்றுதான் சொல்லி வந்தேன். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

எண்பது துண்டுகள்

அடுத்த நாளே கீறத் தொடங்கினேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. அவர் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறிய இரவு நான் பழுதான தாளைத் திருத்துவது எப்படி என்று தேடத் தொடங்கினேன். ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து மறுபடி பூசலாமாம். எந்தத் தூரிகை, எவ்வளவு சூடு, எத்தனை தடவை என்று மூன்று நாள் வாசித்தேன். ஜெலட்டின் வாங்குவதற்குக் கடைகூடப் பார்த்து வைத்தேன். நான்காம் நாள், வேலை விட்டு ரயிலில் வரும்போது, உடம்பில் அந்தப் பழைய ஆறுதல் பரவியிருப்பதை உணர்ந்தேன். மூன்று நாளாக மிகவும் மும்முரமாக இருக்கிறேன், மூன்று நாளாகத் தூரிகையைத் தொடவில்லை. திருத்தி முடிந்தால் அவை மறுபடி நல்ல தாள்கள். நல்ல தாள்கள் என்றால் மறுபடி அலுமாரி.

அன்றிரவு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இருபது தாளையும் நான்கு நான்காக மடித்துக் கிழித்தேன். கிழிக்கும் சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். ஒன்றும் சொல்லாமல் மற்றப் பக்கத்தைப் பிடித்துத் தந்தார். எண்பது துண்டுகள், 28க்கு 38 சென்ரிமீற்றர். சுற்றிக் கட்டாமல், மூடாமல், யன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவரோரமாக அடுக்கினேன்.

முதல் ஐந்தும் மோசம். சேறு மாதிரி வந்தன. பொட்டுகள் எங்கே எழும்பும் என்று தெரியாமல் கடலைப் பூசினால் கடலுக்கு அம்மை போட்டது போல இருந்தது. ஆனால் மேசையை விட்டு நான் எழும்பவில்லை. பழுதான தாளில் பழுதான படம், அதில் கைவிட்டுப் போவதற்கு ஒன்றும் இல்லை. ஆறாவதில் ஒரு தந்திரம் பிடிபட்டது. முதலில் தாள் முழுக்கச் சுத்தத் தண்ணீர் பூசி, சரித்து வெளிச்சத்தில் பார்த்தால், செத்த இடங்கள் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு எங்கே என்ன வைப்பது என்று தீர்மானிக்கலாம். பொட்டுகள் கூடிய பக்கத்தில் தண்டவாளச் சல்லியை வைத்தேன். மேலே சிதறியிருந்தால் தூறல். ஒரு தாளில் நடுவில் மட்டும் இருந்தது, அங்கே காகங்களை வைத்தேன். ஒவ்வொரு துண்டும் முதலில் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும், பிறகு நான் என்னுடையதைச் சொல்லுவேன். வெறும் வெள்ளைத் தாள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, 'நீ எங்கே' என்ற அந்த ஒரு கேள்வியைத் தவிர.

வேலை நாட்களில் வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். ரியூப் லைட் வெளிச்சத்தில் கடலைப் பார்த்துக் கீற ஏலாது. அதனால் ரயிலைப் பிடித்துக்கொண்டேன். கோட்டையில் ஏறினால் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு கடல் கூடவே வரும். அதற்குள் ஒரே ஒரு நிறத்தை மனதில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்கு அலை மடியும் இடத்தில் இருக்கும் பச்சை, நாளைக்கு நனைந்த சிலிப்பர் கட்டையின் கறுப்பு. சனிக்கிழமை காலையில் அந்தக் கிழமையின் நிறங்களை வைத்துக் கீறுவேன். ஐவன் பீரிஸ் எங்களுக்கு அடுத்த தெகிவளையில் பிறந்தவர். வாழ்வின் பிற்பாதியை இங்கிலாந்தில் கழித்து 1988இல் அங்கேயே இறந்தார். அங்கிருந்தபடி அவர் திரும்பத் திரும்பக் கீறியது இந்தக் கரையைத்தான். முன்பெல்லாம் பார்ன்ஸ் பிளேஸில் அவர் படத்துக்கு முன்னால் நின்றால் என் இயலாமைதான் எனக்குத் தெரியும். இப்போது அவர் மணலுக்கு என்ன நிறம் வைத்தார் என்று பார்க்கிறேன்.

சந்தேகம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. தன்னம்பிக்கை வந்த பிறகுதான் கை ஓடும் என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதை நம்பித்தான் காத்திருந்தேன். எனக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் சந்தேகம் இடம் மாறியிருக்கிறது. முன்பு அது என் மேலேயே நின்றது. நான் ஓவியரா, என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று. இப்போது அது தாளில் நிற்கிறது. இந்தப் பச்சை கனத்துவிட்டதோ, இந்த மனிதரை இன்னும் இடப்பக்கம் வைத்திருக்க வேண்டுமோ என்று கேட்கிறது. அந்த அளவுச் சந்தேகத்துக்குத் தூரிகையால் பதில் சொல்லலாம். சில நாள் சரிவரும், பல நாள் சரிவராது. சரிவராத நாளில் அடுத்த துண்டை எடுக்கிறேன். தேர்வுக் குழுவில் இருந்தவரின் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. அவர் நேர்மையாகத்தான் கேட்டார். இப்போது கேட்டால், கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் கீறிக்கொண்டிருக்கிறன் என்று சொல்லுவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவில் ஒட்டாவாவின் கார்ள்டன் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷ மாணவர்கள் 119 பேரைப் பார்த்து 2010இல் ஒரு ஆய்வு வந்தது. முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குத் தள்ளிப்போடுவது குறைந்ததாம். ஏசி ஏசித்தான் ஒரு பிள்ளையைத் திருத்தலாம் என்று நம்பும் வீடுகளில் வளர்ந்த எனக்கு இது லேசில் உள்ளே இறங்கவில்லை. பிறகு அந்தப் பின்னேரத்தை நினைத்துப் பார்த்தேன். சித்தப்பா அன்று ஒரு வார்த்தை ஏசியிருந்தால், ஏன் அம்மா "அப்பவே சொன்னனான்" என்று ஒருமுறை சொல்லியிருந்தால்கூட, அந்த இருபது தாளும் பழைய பேப்பர்காரனுக்குப் போயிருக்கும். நானும் அதோடு முடிந்தது என்று இருந்திருப்பேன். என்னை நான் மன்னித்தேனா என்று தெரியவில்லை. அவர் மன்னித்த மாதிரிகூடக் காட்டிக்கொள்ளவில்லை. மன்னிக்க அதில் ஏதும் இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

போன வருஷம் மச்சாள் ஒருத்தி பாரிஸுக்குப் போகும்போது அவருக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டேன். எதைக் கொடுப்பது என்று ஒரு கிழமை மண்டையை உடைத்தேன். கடைசியில் மரைன் டிரைவில் குடையோடு நடந்து போகும் ஒரு கிழவர், பின்னால் ரயில் சிக்னல், வானம் முழுக்கப் பொட்டுகள். பிரேம் போடச் சொல்லிக் காசும் வைத்து அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அவர் வேலை செய்யும் குசினிச் சுவர். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, வேலை நேர அட்டவணைக்குப் பக்கத்தில், நான்கு மூலையும் ரேப்பால் ஒட்டியபடி என் படம். கீழே ஆவி பறக்கிறது.

உடனே ஃபோன் எடுத்தேன். "சித்தப்பா, அந்த ஆவி பட்டா ஒரு மாசத்தில பழுதாப் போயிடும். வீட்டில கொண்டுபோய் வையுங்கோ."

"வீட்டில நான் நித்திரை கொள்ள மட்டும்தான் போறனான். நாள் முழுக்க நிக்கிறது இங்கதானே." பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம். "பழுதானாப் பழுதாகட்டும் பிள்ளை. நீ இன்னொண்டு கீறுவாய்தானே."

அடுத்த சனிக்கிழமை இரண்டு கீறினேன். சுவரோரத்தில் இப்போது பதினொரு துண்டுகள் மிச்சம் இருக்கின்றன.